கன்ட்ரோலை நாமே வரையும்போது தீம் இருக்கிறதா என்று யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். வின்ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் சாளர நிரல்கள் எழுத உதவும் தொகுப்பு) ஒருவர் காம்போ பாக்ஸ் போன்ற ஒரு கன்ட்ரோலை, அதாவது திரை உறுப்பை, சொந்தமாக எழுதியிருக்கிறார். அதன் அம்புக்குறிப் பட்டனை, விண்டோஸ் தீமின் உருவங்களைக் கொண்டு வரையும் ‘விஷுவல் ஸ்டைல் ரெண்டரர்’ வகுப்பை வைத்து வரைகிறார். பயனர் தீமை அணைக்காமல் வைத்திருக்கிறாரா என்று சொல்லும் ‘இஸ் எனேபிள்டு பை யூசர்’ பண்பை நிரல் தொடங்கும்போது ஒருமுறை பார்த்து, விடையை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் (நிரல் முடியும்வரை தங்கியிருக்கும் மாறி) போட்டு வைத்திருக்கிறார். அவருடைய கணினியில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் விண்டோஸ் 7 கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே எக்ஸெப்ஷன் (ஓட்டத்தின் நடுவே எழும் பிழை) வந்து நிரல் விழுகிறது. இன்னொரு வாடிக்கையாளர் அதே கன்ட்ரோலை வேறொரு மென்பொருளுக்குள் ப்ளகின்னாக ஏற்றுகிறார். அங்கே இவர் வரைந்த அம்பு மட்டும் புதுப்பொலிவோடு இருக்க, பக்கத்துப் பட்டன்கள் எல்லாம் விண்டோஸ் 95 காலத்துச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. “சோதித்துவிட்டுத்தானே வரைகிறேன், அப்புறம் ஏன்?” என்று கேட்கிறார்.

இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். விண்டோஸ் 7 கணினியில் நீங்கள் கேட்ட நேரம் தப்பு. ப்ளகின் விஷயத்தில் நீங்கள் கேட்ட இடம் தப்பு. உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த ஸ்டாட்டிக் மாறியைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் ‘அப்ளிகேஷன்’ வகுப்பில் இருக்கும் ‘ரெண்டர் வித் விஷுவல் ஸ்டைல்ஸ்’ என்ற பண்பைக் கேளுங்கள். அது உண்மை என்றால் மட்டும், வரையப்போகும் குறிப்பிட்ட பாகத்துக்கு ‘இஸ் எலிமென்ட் டிஃபைன்டு’ என்றும் கேளுங்கள். இரண்டில் எதற்காவது இல்லை என்று வந்தால் ‘கன்ட்ரோல் பெயின்ட்’ வகுப்பைக் கொண்டு பழைய பாணியில் வரையுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காரணம் தெரியாவிட்டால் இதே சிக்கல் நாளைக்கு வேறு உருவத்தில் வரும்.

நாம் தீம் என்று சொல்லும் விஷுவல் ஸ்டைல், அதாவது கன்ட்ரோல்களுக்கு விண்டோஸ் தரும் தோற்றம், 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. அதுவரை பட்டன், பெட்டி எல்லாம் கோடுகளாலும் நான்கைந்து சாம்பல் நிறங்களாலும் வரையப்பட்டன. எக்ஸ்பியில் ‘யுஎக்ஸ்தீம்’ என்ற டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு) வந்தது. பட்டனுக்கு ஒரு வகுப்பு, அதற்குள் பாகங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் நிலைகள் என்று தீம் கோப்பு பிரிக்கப்பட்டது. சாதாரண நிலை, சுட்டி மேலே நிற்கும் நிலை, அழுத்திய நிலை, முடக்கிய நிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி உருவம். அதே சமயம் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் இன்னொன்றும் செய்தது. பொதுக் கன்ட்ரோல்கள் இருக்கும் ‘காம்சிடிஎல்32’ டிஎல்எல்லின் 5ஆம் பதிப்பை அப்படியே விட்டுவிட்டு, தீம் தெரிந்த 6ஆம் பதிப்பைப் பக்கத்தில் தனியாக வைத்தது. எனக்கு 6 வேண்டும் என்று நிரல் தன் மேனிஃபெஸ்ட்டில் (தனக்கு என்னென்ன தேவை என்று நிரல் அறிவிக்கும் பட்டியல்) கேட்டால்தான் 6 கிடைக்கும். கேட்காத நிரலுக்கு இன்றைய விண்டோஸ் 11இலும் 5தான்.

இதனால் ‘தீம் இருக்கிறதா?’ என்ற ஒரே கேள்விக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இயங்குதளத்துக்கு தீம் என்றால் என்னவென்று தெரியுமா? பயனர் அதை அணைத்து வைத்திருக்கிறாரா? இந்த நிரலின் கன்ட்ரோல்கள் தீமோடு வரையப்படுகின்றனவா? நான் வரையப்போகும் இந்தப் பாகம் இப்போதைய தீமில் உண்டா? முதல் கேள்விக்கு ‘இஸ் சப்போர்ட்டடு பை ஓஎஸ்’ விடை சொல்கிறது. எக்ஸ்பிக்கு முந்தைய கணினிகளை யாரும் இனி தேடப்போவதில்லை, அதை மறந்துவிடலாம். இரண்டாவதுக்குத்தான் ‘இஸ் எனேபிள்டு பை யூசர்’. நீங்கள் அதோடு நின்றுவிட்டீர்கள்.

ப்ளகின் விவகாரம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. ‘இஸ் எனேபிள்டு பை யூசர்’ உள்ளே போய் யுஎக்ஸ்தீமின் ‘இஸ் ஆப் தீம்டு’ என்ற செயல்கூற்றைத்தான் அழைக்கிறது. பெயரைப் பார்த்தால் நிரலைப் பற்றி விசாரிப்பது போல இருக்கும். ஆனால் மேனிஃபெஸ்ட் இல்லாத நிரலிலும் அது உண்மை என்றே சொல்வது வழக்கம், ஏனென்றால் காம்சிடிஎல்32இன் எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது என்பது அதன் கவலையே இல்லை. தீம் கைப்பிடியை (தீமை அணுக விண்டோஸ் தரும் அடையாளம்) திறந்து படம் வரைய அந்தப் பதிப்பு தேவையும் இல்லை. அதனால் உங்கள் அம்பு அழகாக வந்துவிடுகிறது. உங்களை ஏற்றிய மென்பொருள் 5ஆம் பதிப்போடு ஓடுவதால் அதன் பட்டன்கள் பழைய கோலத்தில் நிற்கின்றன.

‘ரெண்டர் வித் விஷுவல் ஸ்டைல்ஸ்’ இந்த இடைவெளியை அடைக்கிறது. அது இரண்டு விஷயம் பார்க்கும். ஒன்று, ரெண்டரரின் ‘இஸ் சப்போர்ட்டடு’: பயனர் தீமை வைத்திருக்கிறாரா, சாளரத்தின் உட்பகுதிக்கு அது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, பட்டன் வகுப்புக்கு ஒரு கைப்பிடியைத் திறக்கவாவது முடிகிறதா என்பவை இதில் அடக்கம். இரண்டாவது, பொதுக் கன்ட்ரோல்கள் தீம் அறிந்தவையா என்பது. நிரல் ‘எனேபிள் விஷுவல் ஸ்டைல்ஸ்’ அழைத்திருந்தால் அதற்கு நேரடி விடை கிடைத்துவிடும். இல்லையென்றால் வின்ஃபார்ம்ஸ் ஒரு வேடிக்கையான வழியில் போகிறது: ஏற்கெனவே ஏறியிருக்கும் காம்சிடிஎல்32இல் ‘இமேஜ்லிஸ்ட் ரைட் எக்ஸ்’ என்ற செயல்கூறு இருக்கிறதா என்று தேடுகிறது. அது 6ஆம் பதிப்பில் மட்டுமே வெளியே தெரியும். பதிப்பு எண்ணை நேரடியாகக் கேட்பதை அதை எழுதியவர்கள் தவிர்த்திருக்கிறார்கள்.

ப்ளகின் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்கள் டிஎல்எல்லுக்குள்ளிருந்து ‘எனேபிள் விஷுவல் ஸ்டைல்ஸ்’ அழைத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த முடிவு ஏற்றுகிற நிரலுக்குச் சொந்தமானது. அதுவும் எந்தக் கன்ட்ரோலும் உருவாவதற்கு முன்னால், பொதுவாக ‘மெயின்’ செயல்கூற்றின் முதல் வரிகளில் எடுக்க வேண்டிய முடிவு. விருந்தாளியாகப் போன இடத்தில் சுற்றி இருப்பவை எப்படித் தெரிகின்றனவோ அதே மாதிரி உங்கள் கன்ட்ரோலும் தெரிந்தால் போதும். சி++ இல் எழுதிய டிஎல்எல் என்றால், தனக்கு மட்டும் 6ஆம் பதிப்பு கேட்கும் மேனிஃபெஸ்ட்டை அது தன்னோடு எடுத்துக்கொண்டு போக முடியும். ரிசோர்ஸ் எண் 2 அதற்கானது, தனி நிரலுக்கு எண் 1. ஆனால் அப்போது சாளரங்களை உருவாக்கும் நேரத்தில் ஆக்டிவேஷன் கான்டெக்ஸ்ட்டையும் (எந்தப் பதிப்பை எடுப்பது என்று விண்டோஸ் பார்க்கும் தகவல்) சரியாக அமைக்க வேண்டும். அது தனிப் புராணம்.

இனி விண்டோஸ் 7 விவகாரம். அங்கே பயனர் நினைத்த நேரத்தில் கிளாசிக் தீமுக்கு, அதாவது விஷுவல் ஸ்டைல் இல்லாத பழைய தோற்றத்துக்கு, மாறலாம். அதை விட முக்கியமாக, கண் பார்வை குறைந்தவர்கள் ஹை கான்ட்ராஸ்ட்டை (எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று வேறுபடும் நிற அமைப்பு) போட்டால் விண்டோஸ் 7 விஷுவல் ஸ்டைலையே அணைத்துவிட்டுக் கிளாசிக்குக்குப் போய்விடும். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்க்ரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறிவிடும். உங்கள் ஸ்டாட்டிக் மாறியில் காலையில் போட்ட ‘உண்மை’ அப்படியே இருக்கிறது. அடுத்த முறை வரையும்போது ரெண்டரரின் கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும் செயல்கூறு) ‘இன்வாலிட் ஆபரேஷன்’ எக்ஸெப்ஷனை எறிகிறது. வரையும் நிகழ்வுக்குள் எறியப்படுவதால் கன்ட்ரோல் இருக்கும் இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுவதும் உண்டு.

சோதனையை ஒவ்வொரு வரைதலிலும் செய்தால் மெதுவாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. சில சிறிய அழைப்புகள்தான் நடக்கின்றன, தீம் கைப்பிடிகளை வின்ஃபார்ம்ஸ் உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. எழுத்தையும் படத்தையும் வரைய ஆகும் செலவோடு பார்த்தால் இது கணக்கிலேயே வராது. ரெண்டரர் பொருளை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு ‘செட் பாராமீட்டர்ஸ்’ மூலம் பாகத்தையும் நிலையையும் மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அதை உருவாக்கும் வரியும், அதைப் பயன்படுத்தும் வரியும் சோதனைக்கு உள்ளே இருக்க வேண்டும். கன்ட்ரோலின் ஃபீல்டாக, அறிவிக்கும் வரியிலேயே உருவாக்கிவிடுபவர்கள் நிறைய. அங்கே சோதனை என்ற ஒன்றே நடப்பதில்லை.

டாட்நெட் இல்லாமல் விண்டோஸை நேரடியாக அழைக்கும் நேட்டிவ் நிரல் எழுதுபவர்களுக்கு இது இன்னும் எளிது. ‘ஓப்பன் தீம் டேட்டா’ அழையுங்கள். கைப்பிடி வந்தால் தீமோடு வரையுங்கள், வெறுமை வந்தால் பழைய பாணி. பொதுவாக இதற்கு முன்னால் ‘இஸ் தீம் ஆக்டிவ்’ கேட்பது வீண் வேலை. கேட்டே தீருவேன் என்றால் டிஎல்எல் மெயினுக்குள்ளோ குளோபல் பொருள்களின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளோ கேட்காதீர்கள். விஸ்டாவில் தப்பான விடை வரலாம், எக்ஸ்பி நிலைகுலையலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. ‘டபிள்யூஎம் தீம் சேஞ்ச்டு’ செய்தி வரும்போது பழைய கைப்பிடியை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

நான்காவது கேள்வி, அதாவது பாகம் உண்டா என்பது. ‘விஷுவல் ஸ்டைல் எலிமென்ட்’ வகுப்பில் ஒரு பாகத்தின் பெயர் இருப்பதாலேயே அது இன்றைய தீமில் இருக்கும் என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டியல் எக்ஸ்பி காலத்துத் தீமை ஒட்டி எழுதப்பட்டு 2005இல் டாட்நெட் 2.0வோடு வந்தது. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. விஸ்டாவில் காம்போ பாக்ஸுக்குப் புதிதாகச் சில பாகங்கள் சேர்ந்தன: எழுத முடியாத பெட்டிக்கான முழு உருவம், வலப்பக்க அம்புக்கான தனி வடிவம் போன்றவை. அவற்றை எண் கொடுத்துச் சொந்தமாக உருவாக்கி வரைபவர்கள் எக்ஸ்பியில் மாட்டிக்கொண்டார்கள். இல்லாத பாகத்தைக் கேட்டால் ரெண்டரர் ‘ஆர்க்யுமென்ட்’ எக்ஸெப்ஷன் எறியும். மேலே சொன்ன ‘இன்வாலிட் ஆபரேஷன்’ இல்லை இது. பிழைப் பதிவில் எந்த எக்ஸெப்ஷன் என்று பார்த்தாலே எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

‘இஸ் எலிமென்ட் டிஃபைன்டு’ வகுப்பையும் பாகத்தையும் மட்டும்தான் பார்க்கும், நிலையைப் பார்க்காது. தெரியாத நிலை எண்ணைக் கொடுத்தால் எக்ஸெப்ஷன் வராது, இயல்பான உருவம் ஒன்று வரையப்படும். சுட்டியை மேலே கொண்டுபோனாலும் நிறம் மாறவில்லை என்றால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வின்ஃபார்ம்ஸ் கொடுக்கும் தயார் ரெண்டரர்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதும் பலரைக் குழப்புகிறது. பட்டன், செக் பாக்ஸ், ரேடியோ பட்டன், குரூப் பாக்ஸ் ஆகிய நான்குக்கும் உரிய ரெண்டரர்கள் தாங்களே நிலைமையைப் பார்த்துப் பழைய பாணிக்கு இறங்கிவிடும். காம்போ பாக்ஸ், டெக்ஸ்ட் பாக்ஸ், ஸ்க்ரோல் பார், டேப், ட்ராக் பார், ப்ராக்ரஸ் பார் ஆகியவற்றின் ரெண்டரர்கள் இறங்காது, தீம் இல்லையென்றால் எக்ஸெப்ஷன்தான். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ‘இஸ் சப்போர்ட்டடு’ என்று ஒரு பண்பு இருக்கிறது. ஆனால் அது காம்சிடிஎல்32 பதிப்பைப் பார்க்காது என்பதால் உங்கள் ப்ளகின் சிக்கலை அது தீர்க்காது. என்னைக் கேட்டால், முதல் நான்கில் உங்கள் வேலை முடியும் என்றால் சொந்தமாக எதையும் சோதிக்காமல் அவற்றிடமே விட்டுவிடுங்கள்.

பழைய பாணியில் வரையும் கிளையைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான நிரல்களில் அது ஒரு செவ்வகமும் கறுப்பு எழுத்துமாக ஒப்புக்கு எழுதப்பட்டிருக்கும், யாரும் அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். விண்டோஸ் 7இல் அந்தக் கிளைக்கு வருபவர்களில் ஹை கான்ட்ராஸ்ட் பயன்படுத்துபவர்களும் உண்டு. கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் அவர்களுக்கு அந்தக் கன்ட்ரோல் இல்லாததற்குச் சமம். ‘சிஸ்டம் கலர்ஸ்’ தவிர வேறு எந்த நிறத்தையும் அங்கே எழுதாதீர்கள். பட்டன் முகப்பு நிறத்துக்குப் பட்டன் எழுத்து நிறம், சாளர நிறத்துக்குச் சாளர எழுத்து நிறம் என்று ஜோடி மாறாமல் இருக்க வேண்டும். தீமோடு வரையும் கிளைக்கும் இதே கண்டிப்பு உண்டு. பின்னணியைத் தீம் வரைந்தால் எழுத்தின் நிறத்தையும் தீமிடமே கேளுங்கள். ‘கெட் கலர்’ அதற்காகவே இருக்கிறது.

2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து கதை மாறுகிறது. கிளாசிக் தீம் போய்விட்டது. ஹை கான்ட்ராஸ்ட்டும் இப்போது விஷுவல் ஸ்டைல் மூலமாகவே வரையப்படுகிறது. அதாவது விண்டோஸ் 10, 11இல் ஹை கான்ட்ராஸ்ட் போட்டிருந்தாலும் உங்கள் சோதனை ‘தீம் இருக்கிறது’ என்றே சொல்லும். தீம் இல்லையென்றால்தான் ஹை கான்ட்ராஸ்ட் என்று பழைய நிரல்களில் ஒரு குறுக்குவழி இருக்கும். அது இப்போது பொய். ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ வகுப்பின் ‘ஹை கான்ட்ராஸ்ட்’ பண்பைத் தனியாகக் கேளுங்கள். அது உண்மை என்றால் நீங்களாகச் சேர்த்த நிழல், சாய்வு நிறம், அலங்காரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். டார்க் மோடும் அப்படித்தான், இந்தச் சோதனை அதைப் பற்றி எதுவும் சொல்லாது. 2024இல் டாட்நெட் 9இல் வின்ஃபார்ம்ஸுக்கு டார்க் மோடு சோதனை முயற்சியாக வந்தது, ஆனால் அது வேறு பதில் கேட்கும் விஷயம்.

தீம் மாறும்போது மறுபடி வரைந்தால் மட்டும் போதாது, அளவுகளும் மாறும். செக் பாக்ஸின் சதுரம், ஓரத்தின் தடிமன், எழுத்துக்கு மிஞ்சும் இடம் எல்லாமே தீமைப் பொறுத்தவை. 13 பிக்செல், 17 பிக்செல் என்று எண்களை எழுதி வைக்காமல் ‘கெட் பார்ட் சைஸ்’, ‘கெட் கிளிஃப் சைஸ்’ போன்றவற்றிடம் கேளுங்கள். மாற்றத்தைத் தெரிந்துகொள்ள ‘யூசர் பிரிஃபரன்ஸ் சேஞ்ச்டு’ நிகழ்வு இருக்கிறது. ஆனால் அது ஸ்டாட்டிக் நிகழ்வு. கன்ட்ரோல் அழியும்போது அதிலிருந்து விலகாவிட்டால், மூடிய சாளரங்கள் எல்லாம் நினைவகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தீமோடு வரைந்த பட்டனின் நான்கு மூலைகளிலும் கறுப்பாகவோ சாம்பலாகவோ துணுக்குகள் தெரிகிறதா? பாகத்தின் பின்னணி ஓரளவு ஒளி ஊடுருவுவது. ‘இஸ் பேக்ரவுண்ட் பார்ஷியலி டிரான்ஸ்பேரன்ட்’ உண்மை என்று வந்தால் முதலில் தாய்ச் சாளரத்தின் பின்னணியை வரைந்துவிட்டு அதன் மேல் பாகத்தை வரையுங்கள்.

இதையெல்லாம் விண்டோஸ் 11 கணினியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சோதிப்பது? கிளாசிக் தீம் இல்லாவிட்டாலும் ‘அப்ளிகேஷன்’ வகுப்பின் ‘விஷுவல் ஸ்டைல் ஸ்டேட்’ பண்பு இருக்கிறது. சோதனைப் பதிப்பில் ஒரு மெனு வைத்து, அதைச் சொடுக்கினால் இந்தப் பண்பு ‘நன் எனேபிள்டு’ ஆகும்படி எழுதுங்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீம் போய்விடும், விண்டோஸ் 7இல் நடந்த விபத்து உங்கள் மேசையிலேயே நடக்கும். அடுத்து ‘எனேபிள் விஷுவல் ஸ்டைல்ஸ்’ வரியை மறைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மேனிஃபெஸ்ட்டில் காம்சிடிஎல்32 கேட்கும் பகுதி இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். ப்ளகின் நிலைமை அதுதான். மூன்றாவதாக மேலே சொன்ன மூன்று விசைகளால் ஹை கான்ட்ராஸ்ட். விஷுவல் ஸ்டுடியோவின் டிசைனரில் சரியாகத் தெரிகிறது என்பதை மட்டும் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் திட்டங்களில் உங்கள் கன்ட்ரோல் அங்கே பொதுவாக விஷுவல் ஸ்டுடியோவின் செயல்முறைக்குள்ளேயே ஓடுகிறது. வரும் விடையும் விஷுவல் ஸ்டுடியோவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

வேறு கருவிகளில் எழுதுபவர்களுக்காக ஒரு வரி: டெல்ஃபியில் எக்ஸ்இ2 முதல் ‘ஸ்டைல் சர்வீசஸ்’ பொருளின் ‘எனேபிள்டு’ பண்பைக் கேளுங்கள். டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸில் ‘ரெண்டரர் நேட்டிவ்’ மூலம் வரைந்தால் சோதனையும் பழைய பாணிக்கு இறங்குவதும் அதற்குள்ளேயே நடந்துவிடும்.